மிச்சம் பிடித்த மூச்சு

மீன் சந்தையில் ஏலம் விடுகிற அக்காவின் வாயை அடைக்க இதுவரை ஒருவராலும் முடிந்ததில்லை. இன்று ஆஸ்பத்திரியில் மூச்சைச் சோதிக்கும் குழாய் ஒன்று அதை அடைத்துவிட்டது. மூக்கில் கிளிப் வேறு. அவள் ஊதியது எதிரே திரையில் கோடாக ஓடி, இரண்டு முறையும் சப்பென்று படுத்துக்கொண்டது.

தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க வந்திருக்கிறாள். மற்றதெல்லாம் பொருந்திவிட்டது. நுரையீரல் சரியில்லை என்றால் ஆபரேஷனே கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரே மூச்சில் கூடை கூடையாக விலை கூவுகிறவளுக்கு மூச்சுக் குறைவாம். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மெஷின்ல கோளாறு," என்றாள்.

சோதனை செய்கிற பெண் கோபித்துக்கொள்ளவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. மொத்தக் காத்து உங்ககிட்ட தாராளமா இருக்கு. ஆனா முதல் செகண்ட்லயே பெரும்பகுதி வெளிய வந்துடணும். நீங்க கொஞ்சங்கொஞ்சமா விடறீங்க. எதுக்கு மிச்சம் பிடிக்கிறீங்க?"

மிச்சம் பிடிக்காமல் எப்படி? ஏலத்தின் நடுவே மூச்சு தீர்ந்தால் விலை அங்கேயே நின்றுவிடும். இத்தனை வருஷமும் மூச்சைக் கிள்ளிக் கிள்ளித்தான் அவள் செலவழித்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் விட்டுட்டா அப்புறம் உள்ள என்ன இருக்கும்?"

"எவ்வளவு ஊதினாலும் கொஞ்சம் காத்து நுரையீரல்லயே தங்கிடும். நீங்களே நினைச்சாலும் அதை வெளிய தள்ள முடியாது. பயப்படாம ஊதுங்க."

அட, இது தெரியாமல்தான் இத்தனை நாள் கஞ்சத்தனமா! விலா எலும்பு விரிய இழுத்தாள். ஒரே அடியாகக் கொட்டினாள். கோடு செங்குத்தாக எழுந்து நின்றது.

"நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும்..."

வயிறு முதுகோடு ஒட்டும்வரை ஊதினாள். சந்தேகம் வேண்டாம் என்று மறுபடியும் இரண்டு முறை ஊதச் சொன்னாள் அந்தப் பெண். கோடு இம்மியும் பிசகவில்லை. அதை டாக்டரிடம் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"உங்க வயசுக்கு இருக்க வேண்டியதைவிட மூச்சு அதிகமாவே இருக்காம். டாக்டர் சரின்னுட்டார்."

வராந்தாவில் தம்பி டயாலிசிஸ் களைப்போடு சுவரில் சாய்ந்திருந்தான். முகம் சிவந்து, கண்ணெல்லாம் நீராக, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அக்கா வருவதைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"பரவாயில்லக்கா. நீ வந்ததே போதும். வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் வாயைத் திறந்தாள். பேச இன்னும் மூச்சு சேரவில்லை. அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"உள்ள போய்த் தேதி கேளுடா," என்றாள். "நான் ரெடி."