ஆறரைக்கு மேல்

ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டடி பின்னால் போக வேண்டும் என்று வருடம் முழுக்க வகுப்பில் கத்திக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அந்த அறிவுரையை நானே கேட்டு நடந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்க்கப் பின்னால் போய், பின்சுவரில் இருந்த படத்தின் மேல் சாய்ந்துவிட்டேன். எண்ணெய் வண்ணம், காயாதது. முதுகை விலக்கியபோது காயத்திலிருந்து பிளாஸ்திரி உரிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

ஆண்டு இறுதி மதிப்பீட்டு நாள். எல்லோர் படங்களும் சுவரில் தொங்க, ஒவ்வொருவராக வந்து தன் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். இப்போது எல்லோரும் என் முதுகையே பார்த்தார்கள். ஓரத்திலிருந்து ஒரு குரல், "சார், முதுகுல நல்லாப் பதிஞ்சிருக்கு" என்றது.

கதவில் வகுப்பு விதிகள் ஒட்டியிருந்தன, என் கையெழுத்தில். முதல் விதி: அடுத்தவரின் ஈரப் படத்தைத் தொட்டால் மதிப்பெண்ணில் பாதி போகும். என் மதிப்பெண்ணில் பாதி போனால் மூன்றேகால் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

காரணம் இருக்கிறது. இந்தக் கல்லூரியில் என் பெயர் ஆறரை. பத்துக்கு ஆறரைக்குக் கீழே போட்டால் எதிரில் நிற்கிற பிள்ளையின் முகம் வாடுகிறது. மேலே போட்டால் பக்கத்துப் பிள்ளையின் முகம் வாடுகிறது. ஆறரை போட்டால் யார் முகமும் வாடுவதில்லை. எனக்கும் மதியச் சாப்பாடு நிம்மதியாக இறங்கும்.

நான் சாய்ந்தது வக்கீலின் படம். அந்தப் பெண்ணுக்கு வகுப்பே வைத்த பெயர் அது, வாய் அப்படி. வரைந்திருந்தது ஒரு சமையலறை சிங்க், அதில் கழுவாத பாத்திரங்கள், மேலே ஒரு குழாய். இப்போது நடுவில் என் முதுகெலும்பின் தடம் ஓடியது. எட்டு மார்க் வாங்கினால்தான் அடுத்த வருடம் ஓவியப் பிரிவில் இடம். இல்லையென்றால் அச்சுப் பிரிவு. அவள் இந்தக் கல்லூரிக்கு வந்ததே ஓவியப் பிரிவுக்காக என்று எல்லோருக்கும் தெரியும், அவளே போதுமான அளவு சொல்லியிருக்கிறாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், என் மார்க்?"

"ஒம்பது போட்டுடறேம்மா."

"எதுக்கு ஒம்பது?"

"நல்லா இருந்துச்சு."

"எந்த இடம் நல்லா இருந்துச்சு?"

நான் குழாய் என்றேன். பாத்திரம் என்றேன். பொதுவாகவே ஒரு இது இருந்தது என்றேன்.

"நீங்க இன்னும் என் படத்துக்கு முன்னாடி வரவே இல்ல சார். முதுகுதான் வந்துச்சு" என்றாள். யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். "உங்க ஒம்பது வேணாம். திங்கக்கெழம திரும்ப மாட்டறேன். பாத்துட்டுப் போடுங்க."

வீட்டுக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். இருக்கையில் சாய்ந்தால் இன்னொரு பிரதி விழுந்துவிடும். கதவைத் திறந்த என் மனைவி என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"என்னங்க இது, முதுகுல சிங்க் இருக்கு? குழாய் வேற ஒழுகுது."

"ஒழுகுதா?"

"சொட்டு தெரியுதே. நம்ம வீட்டுக் குழாய் மாதிரியே. அதையும்தான் ரெண்டு மாசமா சொல்றேன்."

சட்டையைக் கழற்றி நாற்காலியில் விரித்தேன். இடம் வலமாகத் திரும்பி, பாதி இழுபட்டு, அப்படியும் அந்தச் சொட்டு விழப்போகிற தினுசில் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் சட்டை கவனித்திருக்கிறது.

"ஏம்மா, நான் நல்லாச் சொல்லித் தர்றவன்தானா?" என்று அவளிடம் கேட்டேன்.

"மொதல்ல கைய கழுவிட்டு வாங்க" என்றாள். இருபது வருடமாக அவள் சமையலுக்கும் 'பரவாயில்லை' என்று ஆறரை போட்டுக்கொண்டிருப்பவனுக்கு வேறென்ன பதில் கிடைக்கும்.

மறுநாள் துறைத்தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "திங்கள் அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயாகணும். அதுக்குள்ள எப்ப வேணா பாருங்க" என்றார். அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "உங்கள எல்லாருக்கும் பிடிக்கும் சார்" என்றார். கேட்டது அதுவல்ல. ஆனாலும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்து நின்றபோது எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது. இந்த ஒரு படத்தை மட்டும் பார்க்காமல் விடுவதில்லை என்று அந்த நடைபாதையில் முடிவு செய்தேன்.

திங்கள் மதியம் படம் சுவரில் இருந்தது. என் தடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டியிருந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் யாருடைய படமும் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன்.

வெகு நேரம் பார்த்தேன். ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. வாய் 'பரவாயில்லை' என்று சொல்லத் துடித்தது. போகப் போகப் படம் பேச ஆரம்பித்தது. தட்டின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் வளைந்து போவதை ஒரே தீற்றலில் பிடித்திருந்தாள். சொட்டு பிரமாதம். ஆனால் பாத்திரங்களுக்குப் பின்னால் தீட்டியிருந்த சுவர் செத்துக் கிடந்தது.

"ஏழரை" என்றேன்.

வக்கீலின் முகம் வாடியது. நான் பயந்த அதே வாட்டம். ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்?"

"வெளிச்சம் இடப்பக்கத்துலேருந்து வருது. தட்டுக்குத் தெரியுது, குழாய்க்குத் தெரியுது, செவுத்துக்குத் தெரியல. ஒரே சாம்பல அப்பி விட்டுட்டே. பாத்திரத்தப் பாத்து வரைஞ்சிருக்கே, செவுத்தப் பாக்காம வரைஞ்சிருக்கே."

"செவுரு முக்கியமில்லன்னு விட்டேன் சார். கண்ணு பாத்திரத்துக்குத்தான் போகணும்."

"போகுது. போய்ட்டு செவுத்துல முட்டிக்குது."

"அரை மார்க்குக்கு அவ்ளோ பெரிய செவுரா?"

"ஆமா."

"அன்னிக்கு ஒம்பது தர்றேன்னீங்க."

"அது என் சட்டைக்கு."

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தை. "செவுத்த மாத்தினா எட்டா?"

"தெரியாது. மாத்து, பாக்கறேன்."

வண்ணம் வழிக்கும் கத்தியை எடுத்துப் படத்திலிருந்த சுவர் முழுவதையும் வழித்தாள். உருப்படியாக இருந்த படத்தை ஆறரை வாத்தியார் பேச்சைக் கேட்டு ஒருத்தி சுரண்டிக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய், இருக்கட்டும்மா, எட்டே போட்டுடறேன் என்று சொல்லிவிடலாம். கால் எழவும் பார்த்தது. உட்கார வைத்தேன். அவள் சாம்பலில் மஞ்சளைக் குழைத்தாள், போதாமல் வழித்தாள், நீலத்தைத் தொட்டாள், வாய்க்குள் யாரையோ திட்டினாள். என்னைத்தான் இருக்கும்.

நாலரைக்கு அவள் விலகி நின்றபோது சுவரில் ஜன்னல் வெளிச்சம் ஏறி, குழாய்க்குப் பின்னால் மெல்லத் தேய்ந்து போயிருந்தது. அந்தச் சமையலறைக்கு இப்போது ஒரு நேரம் வந்திருந்தது. யாரோ பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவசரமாக வேலைக்குக் கிளம்பிய நேரம். மறுபடி உட்கார்ந்து, மூலை மூலையாகப் பார்த்தேன். குழாயின் நிழல் இன்னும் கொஞ்சம் தடிமன். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"எட்டு" என்றேன். லிஸ்டில் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அவள் துணியால் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை. வழியில் கிடைத்ததா என்ன, உழைத்து வாங்கியது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. வாசல் வரை போன நான் திரும்பினேன்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. இந்த ஒரு வருஷமும் நான் உங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தேனா?"

வக்கீல் கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்து முடித்தாள்.

"இல்ல சார்" என்றாள். "இன்னிக்கு மத்தியானம் மட்டுந்தான்."