தொழில்: ஏதுமில்லை

முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. பெரியப்பா காரை நிறுத்துவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கால் தானாக எழுந்து தரையை ஓங்கி மிதித்தது.

"அங்க பிரேக் கிடையாது. இது உன் பயிற்சி வண்டி இல்ல," என்றார் அவர்.

என்ன செய்வது, பழக்கதோஷம். பன்னிரண்டு வருடமாகக் கார் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே உயிர் பிழைத்து வருகிறவள். ஊரில் அவளுக்குச் சின்ன கிளட்ச் என்று பெயர். பெரிய கிளட்ச் அவளுடைய பாட்டி. அந்த வார்த்தையைக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன மனுஷி. போன திங்கட்கிழமை, தொண்ணூற்று நான்கு வயதில், பேத்தியின் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரம் முழுக்கப் போர்வைக்குள் அவள் கால் உதைத்துக்கொண்டே இருந்தது. நரம்பு இழுக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். நரம்பாவது மண்ணாங்கட்டியாவது! யாரோ ஒரு தத்தி காரைச் சுவரில் இடிக்கப் பார்த்திருக்கிறான், கிழவி பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதிவு அலுவலகத்தில் கூட்டமில்லை. இறப்புப் படிவத்தைப் பெரியப்பா வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். கடைசி நேரத்தில் கூட இருந்தவள் என்பதால் அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொழில் என்ற கட்டத்தில் முத்து முத்தான கையெழுத்தில் 'ஏதுமில்லை' என்று இருந்தது.

"என்ன பெரியப்பா இது?"

"சும்மா ஒரு ஃபார்ம்தானேம்மா. யாரு பார்க்கப்போறா? போட்டுட்டு வா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதுமில்லையாம்! முப்பத்தொரு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு, அவன் விட்டுப்போன பழைய காரில் 'கார் ஓட்டக் கற்றுத்தரப்படும்' என்று பலகை மாட்டியவள் பாட்டி. முதல் வருடம் கற்றுக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை. கார் மேல் சேறுதான் வந்து விழுந்தது. கண்ட ஆம்பளைகளோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று காதுபடவே பேசினார்கள். அவள் சேற்றைக் கழுவிவிட்டு மறுநாளும் அதே தெருவில்தான் வண்டியை நிறுத்தினாள். பிறகு ஒரு மருத்துவச்சி வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். அப்படியே ஐம்பத்தொரு வருடம் ஓடியது. அந்தச் சம்பாத்தியத்தில் படித்து ஆளான பெரியப்பா, அம்மா வீட்டோடு இருக்கிறார் என்றே வேலை பார்த்த இடத்தில் சொல்லிவந்தார். பாட்டிக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இதை மாத்துங்க. இல்லைன்னா என் கையெழுத்து கிடையாது."

"உனக்கு என்ன தெரியும்?" பெரியப்பாவின் குரல் இறங்கியது. "உங்கம்மா இன்னைக்கு யார்கூட போனாங்கன்னு பள்ளிக்கூடத்துல தினமும் கேப்பானுங்க. எனக்குப் பத்து வயசு."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அவள் இறங்கி வருவதாக இல்லை.

"பத்து வயசுல அழுதீங்க, சரி. இப்ப உங்களுக்கு எழுபத்திரண்டு."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் தொண்டையைச் செருமினார். "வேலை பார்த்ததுக்கு அத்தாட்சி ஏதாவது இருக்காம்மா?"

"நீங்க கார் ஓட்டுவீங்களா சார்?"

"ஓட்டுவேன்."

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"வேற ஊர்ல."

சனியன், அந்த வழி அடைபட்டது. அவள் கைப்பையைத் திறந்து, திங்கட்கிழமையிலிருந்து தன்னோடே வைத்திருந்த பாட்டியின் பயிற்சியாளர் உரிமத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புதுப்பித்துப் புதுப்பித்து முத்திரை குத்த இடமில்லாமல் போன அட்டை அது. எழுத்தர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு படிவத்தில் ஒரு கோடு கிழித்து, கார் பயிற்சியாளர் என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"சான்றிதழ் எத்தனை பிரதி வேணும்?" என்றார் எழுத்தர்.

"ஒண்ணு போதும்," என்றார் பெரியப்பா.

"பதினஞ்சு," என்றாள் அவள்.

"பதினஞ்சு எதுக்கு?"

"சொந்தக்காரங்க வீட்டுக்கு வீடு ஒண்ணு. நானே கொண்டுபோய்க் கையில கொடுக்கப்போறேன்."

அச்சான முதல் பிரதியை எடுத்து அவரிடம் நீட்டினாள். பெரியப்பா கையை நீட்ட வெகுநேரம் ஆனது. அவள் நீட்டியபடியே நின்றாள்.