சன்னலை அளந்த வக்கீல்

கலியமூர்த்தி வக்கீலாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோர்ட்டில் அவன் குரலை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனுடைய பெரிய வக்கீல் வரத் தாமதமானால் எழுந்து நின்று தலையை ஆட்டுவான். நீதிபதியும் தலையை ஆட்டுவார். வழக்கு தள்ளிப் போகும். இதற்காகத்தான் அவன் ரோமானியச் சட்டம்வரை படித்திருந்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி மூன்று வருடமாகிறது. அவர்கள் சட்டம் கப்பலேறவில்லை. புதுச்சேரியில் வக்கீலை இன்னும் மேத்ர் என்றுதான் அழைத்தார்கள். கலியமூர்த்தியையும் அப்படித்தான் அழைக்க வேண்டும். ஆனால் ஆபீசுக்குக் காபி கொண்டுவருகிறவர்கூட அவனைத் தம்பி என்றார்.

ஆபீஸ் மேத்ர் அந்துவானுடையது. அதில் இளம் வக்கீல்கள் இரண்டு பேர், மேசை ஒன்று. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு மூன்று வழக்கு பேசி மூன்றிலும் தோற்றவன். ஆனாலும் அவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. தோற்பதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

ஒருநாள் மேத்ர் அந்துவான் இருவரையும் கூப்பிட்டார்.

"சாமிக்கண்ணு நல்லா பேசறான். நீ நல்லா எழுதற. இனிமே அவன் பேசட்டும், நீ எழுதிக் குடு. ஆபீசுக்கு அதான் நல்லது."

"மேத்ர், எனக்கும் பேச வரும்."

"யார் சொன்னா?"

கலியமூர்த்திக்குச் சாட்சி கிடைக்கவில்லை.

"சரி. கோர்ட்டு லீவுக்குள்ள நீயா ஒரு வழக்கு புடிச்சிக்கினு வா. அத நீயே பேசு. வரலன்னா எழுத்து வேலதான். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காத."

அந்த வாரமே அஞ்சலாட்சி வந்தாள். முத்தியால்பேட்டையில் ஆப்பக்கடை வைத்திருப்பவள். கலியமூர்த்தியின் அம்மா பச்சையம்மாள்தான் அனுப்பியிருந்தாள்.

"தம்பி, பக்கத்து வூட்டு மணியம்மா சொவத்த இடிச்சி சன்னல் வச்சிட்டா. நேரா எங்க கொல்லையப் பாத்து. நான் என்னா கொழம்பு வெக்கிறேன்னு சட்டி சூடேறங்காட்டியும் தெருவுக்கே தெரிஞ்சிபோவுது."

"சன்னலுக்கும் உங்க கொல்லைக்கும் எவ்ளோ தூரம்?"

"கைய நீட்டுனா அவ மூக்கப் புடிச்சிடலாம்."

கலியமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்தவர் இடத்தை நேராகப் பார்க்கும் சன்னல், எல்லையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவன் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தான். பரீட்சையில் கேட்கவில்லை. இப்போது வாழ்க்கை கேட்கிறது.

ஒரே ஒரு இடைஞ்சல். இப்படிப்பட்ட வழக்கு முதலில் சமாதான நீதிபதியிடம் போக வேண்டும். அவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார். சமாதானம் ஆகவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய கோர்ட்டில் வாதாட முடியும்.

"அங்க நீதிபதி என்னா கேட்டாலும் முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

"சாப்ட்டியான்னு கேட்டா?"

"அதுக்கும்."

பெரிய கோர்ட்டில் பேச வேண்டிய வாதத்தை அவன் அன்றே பிரெஞ்சில் எழுதி முடித்தான். மறுநாளிலிருந்து ஆபீஸ் பீரோ முன்னால் நின்று பேசிப் பழகினான். வலது கையை எங்கே உயர்த்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்றெல்லாம் குறித்து வைத்திருந்தான்.

"என்னாடா, பீரோ ஒத்துக்கிச்சா?" என்றான் சாமிக்கண்ணு.

"யோசிக்குது."

"சாவி தொலைஞ்சி நாலு மாசமா தெறக்காத பீரோடா அது. அதுவே உம் பேச்சுக்குத் தெறந்துக்கிச்சின்னா நான் வேலைய வுட்டுடறேன்."

வழக்கு அதோடு நின்றிருந்தால் ஜெயித்திருக்கும். கலியமூர்த்தி நிற்கவில்லை. கையை நீட்டினால் மூக்கு என்பதை வாதத்தில் எப்படி எழுதுவது? எண் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மேஸ்திரியிடம் அளவு நாடா இரவல் வாங்கிக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனான்.

நாடாவின் ஒரு முனையை அஞ்சலாட்சி வேலியோரம் பிடித்தாள். மறுமுனைக்கு ஆள் இல்லை. சன்னலுக்குள்ளிருந்து மணியம்மாள் கையை நீட்டினாள்.

"குடு, நான் புடிக்கிறேன். அவ கைய நம்ப முடியாது, ஆப்பத்துலயே அளவு கொறைக்கிறவ."

"உனக்குக் குடுத்த ஆப்பத்துல கொறச்சதுதாண்டி."

"ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று நடுவில் நின்று கத்தினான் கலியமூர்த்தி. குனிந்து பார்த்தான். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சந்தோஷத்தில் அளவை உரக்கப் படித்தான்.

மணியம்மாள் நாடாவை விடாமல் எதிர்ச் சன்னலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தம்பி, அவ சமையக்கட்டு சன்னலு எங்க கொல்லையத்தானே பாக்குது? அதையும் அள."

வேறு எந்த வக்கீலாக இருந்தாலும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். கலியமூர்த்தி சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று படித்தவன். அளந்தான். அது இன்னும் குறைவு.

அதற்குள் வேலிக்கு அப்பால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "புள்ள நல்லா அளக்குதே" என்றது ஒரு குரல். "எங்களுதையும் பாரு தம்பி" என்றது இன்னொன்று. எழுத்து தவிர வேறு எந்த வேலையிலும் தன்னைக் கெட்டிக்காரன் என்று யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. வீடு வீடாகப் போனான். நாடாவைப் பிடிக்க ஆட்கள் போட்டி போட்டார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். உச்சிவேளைக்குள் தெரு முழுவதும் அளந்தாகிவிட்டது.

"என்னா தம்பி கணக்கு?" என்று கேட்டார்கள். கலியமூர்த்தி கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு உரலின் மேல் ஏறி நின்றான்.

"சட்டப்படி பாத்தா, இந்தத் தெருவுல நாலஞ்சி சன்னல் தவிர மத்தது எல்லாத்தையும் அடைக்கணும்."

கூட்டம் அவரவர் சன்னலைத் திரும்பிப் பார்த்தது. மில்லில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து வந்திருந்த கோவிந்தசாமி மட்டும் கேட்டார்.

"இந்த வெயிலுக்கா?"

"வெயிலுக்கு சட்டத்துல எடம் இல்லீங்க."

அஞ்சலாட்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "தம்பி, நான் கேஸு போட்டா அவளுது மட்டுந்தானே அடைப்பாங்க?"

"அதெப்பிடி? நீங்க அவங்கமேல போட்டா, அவங்க உங்கமேல போடலாம். உங்களப் பாத்து மத்தவங்களும் போடலாம். சட்டம் எல்லாருக்கும் பொதுதானே?"

இதைச் சொன்னபோது அவன் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அஞ்சலாட்சி மணியம்மாளைப் பார்த்தாள். மணியம்மாள் அஞ்சலாட்சியைப் பார்த்தாள். கலியமூர்த்தி பார்க்கவில்லை. அவன் கடைசி அளவை எழுதிக்கொண்டிருந்தான்.

சமாதான நீதிபதியிடம் போகிற நாள் வந்தது. அங்கே கறுப்பு அங்கி வேண்டியதில்லை. கலியமூர்த்தி போட்டுக்கொண்டு போனான். பின் பெஞ்சில் பச்சையம்மாள் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கோர்ட்டில் பேசப் போகிறான் என்று தெருவில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சாமிக்கண்ணுவும் வந்திருந்தான். மேத்ர் அந்துவான் வேறு வேலையாக வந்தவர், கதவோரம் நின்றார்.

அஞ்சலாட்சியும் மணியம்மாளும் ஒரே ரிக்சாவில் வந்து இறங்கினார்கள். கலியமூர்த்தி ரிக்சாவை இரண்டு தரம் பார்த்தான்.

நீதிபதி காரைக்கால்காரர். "சமாதானமா போறீங்களாம்மா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"போறோங்க" என்றாள் அஞ்சலாட்சி.

கலியமூர்த்தி அவள் பக்கம் சாய்ந்தான். "முடியாதுன்னு சொல்லுங்க."

"முடியாது தம்பி" என்று அவனிடம் சொன்னாள்.

நீதிபதிக்கு ஆச்சரியம். இவ்வளவு சீக்கிரம் அவரிடம் யாரும் சமாதானமானதில்லை. "எப்படி மனசு மாறுனீங்க?"

"இந்தத் தம்பி வந்து அளந்துச்சுங்க. தெருவுல ஒரு சன்னலு மிச்சமில்ல. இது கேஸு போட ஆரம்பிச்சா நாங்க அத்தினி பேரும் புழுங்கியே சாவணும். அதுக்கு இவ எங்கொழம்பப் பாத்துட்டுப் போறா. பாத்தாவது கத்துக்கட்டும்."

"ஒங்கொழம்புல கத்துக்கறதுக்கு என்னா இருக்குது?" என்ற மணியம்மாள் உடனே நீதிபதி பக்கம் திரும்பினாள். "ஐயா, இன்னொண்ணு. இந்தத் தம்பி இனிமே நாடாவ எடுத்துக்கினு எங்க தெருவுக்குள்ள வரக்கூடாது. அதையும் எழுதிக்குங்க."

நீதிபதி சிரிக்கவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டதை எழுதுவது அவர் கடமை. பிரெஞ்சில் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். எழுதியதைக் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அன்று விடுப்பு.

"மேத்ர் கலியமூர்த்தி" என்றார் நீதிபதி. "நீங்கள் படித்துச் சொல்லுங்கள்."

மேத்ர். கலியமூர்த்தி எழுந்து தாளை வாங்கினான். முணுமுணுவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நிற்பது கோர்ட்டு. போட்டிருப்பது அங்கி. அழைத்தது நீதிபதி. இரண்டு வருடக் குரல் உள்ளே கிடந்தது. அது யாரைக் கேட்டு வரும்?

வழக்கு இல்லை என்ற முதல் நிபந்தனையைக் கணீரென்று சொன்னான். சன்னல்கள் அப்படியே இருக்கும் என்ற இரண்டாவதற்கு இடது பக்கம் திரும்பினான். மூன்றாவதற்கு முன் குறித்து வைத்தபடி மூச்சு வாங்கினான். வலது கை தானாக உயர்ந்தது.

"மேற்படி வக்கீல் கலியமூர்த்தி, அளவு நாடாவுடன், மேற்படி தெருவுக்குள், எக்காலத்திலும், நுழையலாகாது!"

ஓட்டுக் கூரையிலிருந்து புறா ஒன்று பறந்தது. வாசலில் நின்ற சேவகர் உள்ளே எட்டிப் பார்த்தார். மணியம்மாள் தன்னை அறியாமல் கும்பிட்டாள். கலியமூர்த்தி கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் மேத்ர் அந்துவான் அவன் தோளைத் தட்டினார். "குரல் இருக்கு. நான் நெனைக்கல." பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா வழக்கு இல்லியே. நாளைலேர்ந்து சாமிக்கண்ணுக்கு எழுதிக் குடு."

"நான் மூணு தடவ தோத்திருக்கேன்டா" என்றான் சாமிக்கண்ணு. "ஒரு தடவகூட எங்கட்சிக்காரன் என்னை ஊர வுட்டு வெலக்கி வைக்கல."

கலியமூர்த்தி அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டு அம்மாவோடு வெயிலில் நடந்தான். வாய்க்கால் பாலம் வந்ததும் பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் பேசுன" என்றாள் பிறகு. "கடைசி வரிய மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான்.

"ஏண்டா, நம்ம வூட்டு சன்னல அளந்து பாத்தியா?"

கலியமூர்த்தி நடையைக் கொஞ்சம் வேகமாக்கினான்.

"பக்கத்து வூட்டுக்காரங்ககிட்ட சண்டை வச்சிக்காதம்மா" என்றான்.