நடு நாற்காலி

டுலுத் ஊரில் ஏழாம் வகுப்புக்கு ஒரு வழக்கம். படிப்பைப் பற்றிப் பெற்றோரிடம் டீச்சர் பேசமாட்டார். பிள்ளையே மதிப்பெண் தாள்களை விரித்துவைத்து இருபது நிமிடம் பேச வேண்டும். டெலியாவுக்கு மட்டும் நாற்பது. அப்பா கர்ட்டும் அம்மா ஜோலீனும் சேர்ந்து உட்காரமாட்டார்கள் என்பதால், இலையுதிர் காலத்தில் ஒரே பாட்டை இரண்டு முறை ஒப்பித்தாள்.

இந்த முறை அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரே நேரத்தைப் பதிவு செய்துவிட்டு, மற்றவர் வரவில்லை என்று இருவரிடமும் கூசாமல் பொய் சொன்னாள். பொய் அவளுக்குப் புதிதா என்ன? ஆறு மாதமாக அப்பாவுக்குப் படுக்கை வீட்டின் நிலவறையில். ஹீட்டர் ரிப்பேரிலிருந்து இரவுச் சாப்பாடு வரை "அம்மாகிட்ட கேளு", "அப்பாகிட்ட சொல்லு" என்று தபால்காரி வேலை அவள் தலையில். அம்மா ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அப்பா கேட்டால் மட்டும் தலைவலி என்றுவிடுவாள். உண்மை தெரிந்தால் அவர் மூட்டை கட்டிவிடுவார் என்று பயம்.

இருவரும் வந்தார்கள். டீச்சரே உட்காரவைத்துவிட்டுப் போனதால் திரும்பிப் போக வழியில்லை. பனி ஒட்டிய பூட்ஸோடு டெலியாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கணக்கில் தோல்வி என்றாள். அடுத்த தாளைத் திருப்பினாள். பள்ளிக்கு வராத நாட்கள் பதினொன்று.

கர்ட்டுக்கு முகம் சிவந்தது. மனைவி ஒரு முழம் தள்ளி இருக்க, மகளைப் பார்த்து, "எதுக்கு இத்தனை நாள் லீவுன்னு உங்கம்மாவைக் கேளு," என்றார்.

டெலியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதின்மூன்று வயதில் இதுவும் ஒரு பிழைப்பா? எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

"இங்கதான இருக்காங்க? நீங்களே கேளுங்க. இனிமே நான் எதையும் கொண்டுபோகமாட்டேன்."

வெளியே கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கெட்டது குடி என்று நினைத்தாள்.

பிறகு உள்ளேயிருந்து அப்பாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "ஜோலீன், இவ எதுக்கு வீட்லயே இருந்தா?"

"என்னைத் தனியா விட பயந்துகிட்டு." என்றாள் அம்மா. "என்னால எழுந்திருக்கவே முடியல, கர்ட். தலைவலியெல்லாம் இல்ல."

எத்தனையோ சேதி சுமந்தும் இந்த ஒன்றை மட்டும் டெலியா கொண்டுபோனதில்லை. நாற்காலிக் காலைப் பார்த்தபடி, அப்பா எழுந்து வெளியேறும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்று அப்பா கேட்டார். அம்மாவைத்தான் கேட்டார்.