ஊசிச் செவ்வாய்

மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கங்கம்மாளுக்கு நல்ல நாள். வடக்குப்பட்டில் அதற்கு 'ஊசிச் செவ்வாய்' என்றே பெயர் விழுந்துவிட்டது. எல்லப்பன் பெண்சாதி தலைக்குக் கனகாம்பரம் வைத்து, கூடையில் தூக்குவாளியோடு காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நின்றால், போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னா கங்கம்மா, ஊசியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இடுப்பில் ஊசி குத்திக்கொள்ளப் போகிறவள் யாராவது பூ வைத்துக்கொண்டு போவாளா? கங்கம்மாள் போவாள்.

பத்து வயதில் மூட்டுக்கு மூட்டு வீங்கிய ஒரு காய்ச்சல், யாருக்கும் சொல்லாமல் அவள் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இருபத்தாறு வயதில் மெட்ராஸில் ஆபரேஷன் செய்து வால்வைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் மறுபடி வந்துவிடக் கூடாது என்று அன்றிலிருந்து இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் உள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாகப் போட்டுக்கொள்கிறாள். அந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அவள் பழம் தின்று கொட்டை போட்டவள்.

ஆனால் இந்தப் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து அவள் கூடையிலிருந்த ஆஸ்பத்திரி நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். போன தடவை டாக்டர் ஜெபக்குமார் நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு நாற்பது ஆகப் போகுது. எக்ஸ்ரே ஒண்ணு எடுங்க. நல்லா இருந்தா அடுத்த தடவையோட ஊசியை நிறுத்திடலாம்" என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் சொன்னபோது எல்லப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நைட் ஷிப்டு முடித்து வந்த மகன் சுபாஷ், "ஜாலிம்மா, இனிமே அலைச்சல் இல்ல" என்றான். அலைச்சலாம்! அந்த அலைச்சல் இல்லாவிட்டால் அற்புதமேரியை அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்?

அற்புதமேரி செம்பரம்பாக்கத்துக்காரி. வயது முப்பத்தாறு. இவளுக்கு இருந்த அதே நோய், ஆனால் ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலும் ஊசியிலும் ஓடிக்கொண்டிருப்பவள். மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும். ஊசியைக் கண்டால் குலைநடுக்கம். முதல் நாள் ஊசி அறை வாசலில் அழுதுகொண்டு நின்றவளின் கையை, 'பாவம், யார் பெற்ற பெண்ணோ' என்று கங்கம்மாள் பிடித்தாள். பிடித்த கையை இன்னும் விடவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருத்தி வீட்டு வாசலை ஒருத்தி மிதித்ததில்லை. சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டு மருமகள் பஸ் ஏறியிருக்கிறாள்? 'மாடு யார் பார்ப்பது, உலை யார் வைப்பது' என்று நூறு கேள்வி வரும். ஊசி என்று சொல்லிப் பாருங்கள், மாமியாரே சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவாள்.

ஆஸ்பத்திரியில் மேரி அவளுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். "வாக்கா, நோட்டைக் குடு" என்று வாங்கித் தன் நோட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டாள். இரண்டு நோட்டும் எப்போதும் ஒரே ரப்பர் பேண்டுக்குள்தான். அப்போதுதான் இருவரையும் ஒன்றாகக் கூப்பிடுவார்கள்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் விடியலிலேயே ஓடி வந்து மேஜையில் முதல் நோட்டாக வைத்துவிட்டு, ஜெயித்துவிட்டதாக உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது மணிக்கு ஆயா வந்து அந்த அடுக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வைப்பாள். மேலே இருப்பது கடைசியாக வந்தவனின் நோட்டு. முதலில் வந்தவன் அடியில் கிடந்து மத்தியானம் வரை கொட்டாவி விடுவான். அதற்காக ஒருநாள் எல்லோரும் வேண்டுமென்றே தாமதமாக வர, ஆயா அன்றைக்குப் பார்த்து அடுக்கைத் திருப்பி வைத்துவிட்டாள். விவரம் தெரிந்தவர்கள் நட்ட நடுவில் வைப்பார்கள். இவர்கள் நடுவில் வைத்தார்கள்.

எடை, பிரஷர், ஈ.சி.ஜி. எல்லாம் வழக்கம்போல் முடிந்தது. ஈ.சி.ஜி. மேஜையில் படுக்கும்போது வளையலைக் கழற்ற வேண்டும் என்று கங்கம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி மேரியின் கையில் மாட்டிவிட்டே படுப்பாள். இன்று வளையலைத் திரும்ப வாங்கும்போது மேரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒரு மாதிரியா கீற?"

"ஒண்ணுமில்லடி. பஸ்ஸுல கும்பல்."

போன தடவை மேரி முன்னால் வெளியே போன பிறகு டாக்டர் சொன்னதை அவள் மேரியிடம் சொல்லவே இல்லை. வாய் வரவில்லை. அதுமட்டுமல்ல, அவள் மனசுக்குள் ஒரு திட்டமும் இருந்தது. பதினாலு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டாக்டர்கள் கேட்கிற கேள்வியை எல்லாம் கேட்டவள் அவள். எதைச் சொன்னால் ஊசியை நிறுத்த மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். மெட்ராஸிலிருந்து வரும் டாக்டர் ஜெபக்குமார் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். ரப்பர் பேண்டை உருவி மேஜையில் போட்டுவிட்டு, கங்கம்மாளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அவள் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு கங்கம்மா. வால்வு நல்லா வேலை செய்யுது. பல வருஷமா காய்ச்சலும் இல்ல. ஊசியை இன்னையோட நிறுத்திடலாம். இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்."

பக்கத்தில் மேரியின் மூச்சு ஒரு கணம் நின்றது கங்கம்மாளுக்குக் கேட்டது. அவ்வளவுதான், அவள் துணிந்துவிட்டாள்.

"சார், மூட்டு வலிக்குது சார்."

டாக்டரின் பேனா நின்றது. "எத்தனை நாளா?"

"பத்து நாளா கீது சார். முட்டியில ஆரம்பிச்சு, அது விட்டா கணுக்காலு, அதுவும் விட்டா மணிக்கட்டுன்னு மாறி மாறிப் போவுது. ராவானா ஜுரம் வேற."

எப்பேர்ப்பட்ட பொய்! சாதாரண வலி ஒரே இடத்தில் நிற்கும். அந்தக் காய்ச்சலின் வலிதான் மூட்டு விட்டு மூட்டு தாவும். அதை அச்சுப் பிசகாமல் சொன்னாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு, சாப்பிட உட்கார்ந்தவர் என்ன செய்வார் என்கிற யோசனை இல்லாமல் போயிற்று. 'சரி, ஊசி தொடரட்டும்' என்று டாக்டர் எழுதிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

டாக்டர் எழுதவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "ஊசி தவறாம போட்டும் வந்திருக்குன்னா சும்மா விடக் கூடாது. இன்னைக்கே அட்மிட் ஆகணும். ரத்தம் எடுக்கணும். தேவைப்பட்டா நாளைக்கு மெட்ராஸுக்கு அனுப்பறேன். வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லுங்க."

கங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் மேரி அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாக்கா? பத்து நாளா ஜுரத்தை வச்சிகினு மாடு மேய்ச்சிகினு இருந்தியா?" பிறகு கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் இருக்கிறார் என்பதையும் மறந்து, மேலே பார்த்துச் சொன்னாள்: "மாதாவே, இவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. இவளைக் காப்பாத்திக் குடு, இந்த வருஷம் திருவிழாக் கொடியேத்தத்துக்கு நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்."

கங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரிக்கிறவள் வேளாங்கண்ணிக்கு நடப்பதா? மாதாவிடம் சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம் இவள். திண்டிவனம் தாண்ட மாட்டாள், ரோட்டோரத்திலேயே விழுந்து கிடப்பாள்.

"அய்யோ, வாபஸ் வாங்குடி!" என்று கத்தினாள். "அந்த வேண்டுதலை மொதல்ல வாபஸ் வாங்கு! எனக்கு ஒண்ணும் இல்ல. வலியும் இல்ல, ஜுரமும் இல்ல. பொய் சொன்னேன் சார், பொய்!"

வெளியே ஆயா யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார்.

"எதுக்குப் பொய்?"

"ஊசி நின்னுட்டா நான் எப்டி சார் வர்றது?"

"வர வேண்டாம்னுதானேம்மா சொல்றேன்?"

அவ்வளவு படித்த மனிதருக்கு அது புரியவில்லை. மேரிக்குப் புரிந்தது. அழுகை நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு கங்கம்மாளைப் பார்த்தாள். பிறகு முழங்கையால் அவள் விலாவில் ஓங்கி ஒரு இடி இடித்தாள். வலித்தது. இந்த வலியை டாக்டரிடம் சொல்ல முடியுமா?

டாக்டர் ஈ.சி.ஜி.யை இன்னொரு தடவை பார்த்தார். முட்டியை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "இதோ பாருங்க, இன்னொரு தடவை இப்படிச் சொன்னீங்கன்னா, நிஜமா வலிக்கும்போது நான் நம்ப மாட்டேன்" என்று கண்டித்துவிட்டு, நோட்டில் 'ஊசி நிறுத்தம்' என்று எழுதினார். மேரிக்கு வழக்கமான ஊசி. கங்கம்மாள் திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி வெளியே வந்தாள்.

ஊசி அறையில் முதல் தடவையாக மேரி முன்னால் போக வேண்டியிருந்தது. எப்போதும் கங்கம்மாள்தான் முதலில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று புளுகுவாள். அந்த மருந்து கஞ்சி போல் கெட்டியாக இறங்கும், எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது. இன்று அவள் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேரி அவள் விரல்களை நெரித்தாள். கத்தவில்லை.

பிறகு வேப்பமரத்தடி பெஞ்சு. அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். மேரிக்கு இடது பக்கம் ஊசி என்றால் கங்கம்மாள் வலது பக்கம் போட்டுக்கொள்வாள். வலிக்கிற பக்கத்தைத் தூக்கி ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து உட்கார அதுதான் வசதி. மூன்று வாரம் கழித்துப் பக்கமும் மாறும், பெஞ்சில் இடமும் மாறும். இன்று மேரி மட்டும் சாய்ந்தாள். கங்கம்மாள் நேராக உட்கார்ந்து பார்த்தாள், பழக்கம் விடவில்லை. அவளும் சாய்ந்தாள்.

மேரி தன் தூக்குவாளியைத் திறந்தாள். ஏரிக் கெண்டை, புளி தூக்கலாகப் போட்டு வைத்த குழம்பு. "நாளைக்கு விபூதி புதன், தவக்காலம் ஆரம்பிக்குது. அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் மீனைத் தொட மாட்டேன். தின்னு."

கங்கம்மாள் தயங்கினாள். செவ்வாய், வெள்ளி அவள் கவுச்சி தொடுவதில்லை. ஊசிச் செவ்வாய் மட்டும் விலக்கு. உடம்பில் குத்து வாங்கியவளிடம் அம்மன் கணக்குப் பார்க்க மாட்டாள் என்று அவளாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது.

"இன்னைக்கு எனக்கு ஊசியே போடலியேடி."

"நான் இடிச்சது பத்தாதா? இன்னொண்ணு குடுக்கட்டா?"

கங்கம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். மீன் நன்றாக இருந்தது. முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ இல்லாம ஆறு மாசத்தை எப்டிடி ஓட்டுவேன்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். மேரி இன்னொரு துண்டு மீனை அவள் பக்கம் தள்ளினாள்.

கம்பவுண்டர் யாக்கோபு மருந்து ஜன்னலைத் திறந்தார். நோட்டு வாங்குகிற கடைசி வேலை அவருடையது. முகம் பார்க்க மாட்டார், எதையும் படிக்கவும் மாட்டார். ஊசி நோட்டு என்றால் அடுத்த தேதியைப் பெரிய எழுத்தில் போட்டு, முத்திரை குத்தி நீட்டுவார். அன்றும் இரண்டு நோட்டையும் விரித்து, மேரியின் நோட்டில் '5-3-91' என்று எழுதினார். கங்கம்மாளின் நோட்டிலும் '5-3-91' என்று எழுதினார். முத்திரை குத்தியபோதுதான் மேலே இருந்த வரி கண்ணில் பட்டது.

"அட, உனக்கு ஊசி நின்னுபோச்சாம்மா? சொல்ல மாட்டியா?" என்று தேதியை அடிக்கப் பேனாவைத் தூக்கினார்.

கங்கம்மாள் ஜன்னலுக்குள் கைவிட்டு நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "அடிக்காதண்ணே! இருந்துட்டுப் போவட்டும்."

"ஊசி இல்லாம வந்து இன்னாம்மா பண்ணப் போற?"

"ஊசி போடறவங்கதான் பெஞ்சுல உக்காரணும்னு போர்டு வச்சிகீறீங்களா?"

யாக்கோபு அவளையும் மேரியையும் மாறி மாறிப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் அவர் அந்த முகங்களைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நோட்டை எடுத்தார்.

மேரி பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தாள். "அக்கா, உங்க வூட்டுல கேட்டா இன்னா சொல்லுவ? இன்னைக்குச் சொன்ன மாதிரி எதனா சொல்லி மாட்டிக்காத."

"ஊசி நின்னுபோச்சுன்னு நெஜத்தைத்தான் சொல்லப் போறேன். ஆனா மார்ச்சு அஞ்சு வரச் சொல்லித் தேதி போட்டுகீறாங்க, முத்திரையும் குத்திகீதுன்னு காட்டுவேன். பொய்யா? நீயே பாரு."

மேரி பார்த்தாள். முத்திரை மை இன்னும் காயவில்லை. அவள் சேலை முடிச்சை அவிழ்த்து, டாக்டர் மேஜையிலிருந்து மறக்காமல் எடுத்து வந்திருந்த ரப்பர் பேண்டை வெளியே எடுத்தாள்.

"தவக்காலம், மீன் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நோட்டையும் சேர்த்துப் போட்டாள். "நீ கத்திரிக்கா கொழம்பு எடுத்துகினு வா."