திங்கட்கிழமைக்குள் ஒரு நண்பர்

தவரத்தினத்துக்கு ஒரு பிரெஞ்சு நண்பர் தேவைப்பட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முன் கிடைத்தால் போதும்.

தேவை தெரியவந்தது புதன்கிழமை, பாரிசின் லா சப்பலில் அவருடைய வீட்டுக் குசினியில். பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகத்துக்காக மகள் லக்சிகா அவரைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று குடியரசின் மூன்று சொற்களையும் தடங்கலில்லாமல் சொன்னார். ஆறுகளைச் சொன்னார், மலைகளைச் சொன்னார். மன்னர் பதினாறாம் லூயியின் கழுத்துக்கு என்ன நடந்தது என்பதை, பத்தொன்பது வருடம் கொத்துரொட்டி கொத்தியவருக்கே உரிய கைச்சாடையோடு விளக்கினார். அடுத்த கேள்வியில் வண்டி நின்றுவிட்டது.

“உங்கடை பிரெஞ்சு நண்பர்கள் ஆர்?”

“எங்கடை இராஜதுரை அண்ணை.”

“அவர் உங்கடை முதலாளி அப்பா.”

“பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைச்சிருக்கிறார்தானே?”

“வைச்சிருக்கிறார். ஆனா நேர்முகத்திலை கேக்கிற மடாம் அந்தப் பேரை எழுதிப்போட்டு நிமிர்ந்து உங்களைப் பாப்பா. பிறகு ‘வேறை ஆர்?’ எண்டு கேப்பா.”

வேறு ஆர் என்று தவரத்தினம் யோசித்துப் பார்த்தார். ஒரு பல் வைத்தியர். மெத்ரோவில் இரண்டு டிக்கெட் பரிசோதகர்கள். அவர்களில் ஒருவர் நன்றாகத்தான் கதைத்தார். ஆனால் அதற்கு ஐம்பது யூரோ போனது.

“ஏதாவது ஒரு பேரைச் சொல்லி விடுங்கோவன்,” என்றார் மனைவி யோகராணி.

அதற்கும் வழியில்லை. பொய் சொன்னால் தவரத்தினத்துக்குச் சிரிப்பு வரும். பெண் பார்க்கப் போன இடத்தில், குடிக்கிற பழக்கம் உண்டோ என்று மாமனார் கேட்க, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தவர். இருபத்திரண்டு வருடமாக யோகராணி அதை மறக்கவுமில்லை, மறக்க விடவுமில்லை.

வழியை லக்சிகாதான் கண்டுபிடித்தாள். “பாரிசிலை ஆரும் ஆரோடையும் கதைக்காயினம். கம்பிங்கிலை, கூடாரமடிச்சுத் தங்கிற இடத்திலை, மட்டும் கதைப்பினமாம். பல்கலைக்கழகத்திலை என்னோடை படிக்கிற ஆனைஸ் சொன்னவள்.”

ஆகவே படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளே வைத்த ஒரு கம்பிங் கார் இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுக்கப்பட்டது. சனியும் ஞாயிறும் லீவு வேண்டுமென்று தவரத்தினம் கேட்டபோது இராஜதுரை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஆர் செத்தது?” என்று கேட்டார்.

போகும் வழியில் லக்சிகா சட்டங்களை வாசித்தாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடாது. வயது கேட்கக்கூடாது. பிள்ளைகள் எத்தனை, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கவே கூடாது.

“அப்ப என்னத்தைக் கதைக்கிறது?” என்றார் யோகராணி.

“காலநிலையைப் பற்றிக் கதைக்கலாம்.”

“அது வெளியிலை தெரியுதுதானே பிள்ளை.”

ஃபொந்தென்புளோ காட்டின் ஓரம், லுவேன் ஆற்றங்கரையில் அவர்களுக்கு முப்பத்தோராம் இலக்க இடம் கிடைத்தது. ஆறு தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தவரத்தினம் அதைப் பார்க்கவில்லை. அவர் முப்பதாம் இலக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய கம்பிங் கார், இரண்டு மடக்குக் கதிரை, கதிரைகளில் அறுபதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும். ஆணுக்குத் தாடி. இதைவிடப் பிரெஞ்சாக ஒருவர் அமைவது கஷ்டம் என்று தவரத்தினத்துக்குப் பட்டது.

“பொன்ஜூர்,” என்றார் தாடிக்காரர்.

“ஆனைஸ் சொன்னவள்தானே!” என்று லக்சிகா தகப்பனின் விலாவில் இடித்தாள்.

அவர் பெயர் ழான்-லூக், மனைவி செசில். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதை, யாரும் கேளாமலே அவராகச் சொன்னார். கேள்வி கேட்காமல் ஒரு தகவல் கிடைத்ததில் தவரத்தினம் உற்சாகமானார்.

பகல் ஒரு மணிக்கு யோகராணி ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் ஒரு சட்டியில் போட்டு அனுப்பினார். வீட்டிலேயே சமைத்துக் கொண்டுவந்தது. பதினைந்து பேருக்குக் காணும். செசில் நாலு முறை நன்றி சொன்னார். சரியாக இருபது நிமிடத்தில் சட்டி திரும்பி வந்தது: கழுவி, துடைத்து, பளபளவென்று வெறுமையாக.

யோகராணி சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். “வெறும் சட்டியைத் தந்திட்டினம். ஒரு பழமாவது வைச்சுத் தரக்கூடாதோ? இஞ்சருங்கோ, இது சரிவராது. வேறை ஆளைப் பாருங்கோ.”

“அம்மா, அது மரியாதை. கழுவித் தந்திருக்கினம்.”

“எங்களைக் கைகழுவிவிட்டுட்டினம் எண்டுதான் நானும் சொல்லுறன்.”

ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு அப்பெரோவுக்கு வரும்படி ழான்-லூக்கே வந்து அழைத்தார். அழைப்பென்றால் சாப்பாடு என்று மூவரும் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போனார்கள். மேசையில் ஒரு சிறு கிண்ணத்தில் கச்சான் கடலை, இன்னொன்றில் ஒலிவ், ஒரு கட்டுச் சிவப்பு முள்ளங்கி. தவரத்தினம் முள்ளங்கியை மெதுவாகக் கடித்தார், கறி பின்னால் வருகிறதென்ற நம்பிக்கையில். காலநிலை பற்றி நாற்பது நிமிடம் கதைத்தார்கள். ஆற்றின் நீர்மட்டம் இருபது நிமிடம். எட்டு மணிக்கு ழான்-லூக் தொடையைத் தட்டி எழுந்து, “நல்லது!” என்று விடைகொடுத்தார். அப்பெரோ என்பது சாப்பாட்டுக்கு முன் கொறிப்பது மட்டும்தான். மூவரும் தங்கள் வண்டிக்குத் திரும்பி வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆட்டிறைச்சி சாப்பிட்டார்கள்.

“ரெண்டு மணித்தியாலம்,” என்றார் தவரத்தினம். “ஒரு விசயமும் தெரியாது. பெத்த பிள்ளை இருக்கோ எண்டுகூடத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றார் யோகராணி. “ஒரு பெட்டை. லியோனிலை. புருசனைப் பிரிஞ்சிட்டாளாம்.”

“அம்மா! நீங்கள் கேட்டனீங்களோ?”

“நான் கேக்கேல்லை. தலையைத் தலையை ஆட்டினன். அவ சொன்னா.”

ஞாயிறு காலையில்தான் விஷயம் முன்னேறியது. கம்பிங் காரின் கக்கூசுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். அது நிரம்பினால் கழற்றி, அதற்கென்று உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வாடகைக்குக் கொடுத்தவர் இதை நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். தவரத்தினம் நாலாம் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தபோது ழான்-லூக் தன்னுடைய பெட்டியோடு வந்தார். மூடியை எந்தப் பக்கம் திருப்புவது, தெறிக்காமல் இருக்க எந்தப் பொத்தானை அமர்த்துவது என்று காட்டினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மூச்சை அடக்கி, கொட்டினார்கள். தெறித்தது. ழான்-லூக்கின் செருப்பில். அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். கொத்துக்கடையில் தினமும் கேட்டதுதான் என்பதால் தவரத்தினம் அதைத் திருத்தமான உச்சரிப்போடு திரும்பச் சொன்னார். ழான்-லூக் வாய்விட்டுச் சிரித்தார்.

கூடப்பிறந்த தம்பியோடுகூடத் தான் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை என்று தவரத்தினத்துக்குத் தோன்றியது. வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது நேராகவே கேட்டுவிட்டார்.

“மிசியே ழான்-லூக், நாளைக்கு எனக்குக் குடியுரிமை நேர்முகம். பிரெஞ்சு நண்பர் யாரென்று கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்லலாமா?”

ழான்-லூக் நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார். தாடியைத் தடவினார்.

“நண்பர்,” என்றார். “இதை நான் செசிலோடு பேச வேண்டும்.”

முப்பதாம் இலக்கக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே குரல்கள் ஏறி இறங்கின. யோகராணி சாமான்களைக் கட்டிக்கொண்டே, “ஓமெண்டு சொல்லுறதுக்கு என்ன மாநாடு?” என்றார். தவரத்தினம் ஆற்றைப் பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் பார்த்தார், வாத்துகள் இருந்தன.

அரை மணி கழித்து ழான்-லூக் வெளியே வந்தார். வேறு செருப்பு போட்டிருந்தார்.

“நாங்கள் நன்றாக யோசித்தோம். இரண்டு நாளில் நண்பர் என்பது சரியான சொல் அல்ல. எனக்கு நண்பர்கள் மூன்று பேர். கடைசி ஆளுக்குப் பதினொரு வருடம் எடுத்தது. செசில் என்னைவிடத் தாராளம், முக்கியமாக உங்கள் மனைவி விஷயத்தில். ஆனால் அவளுக்கும் இன்னொரு வாரஇறுதி பார்க்க வேண்டுமாம். செப்டெம்பர் இரண்டாம் வாரம் இதே இடத்தில் நிற்போம். வாருங்கள். நாளைக்கு வேண்டுமானால் பக்கத்து வண்டிக்காரர் என்று சொல்லுங்கள். அதை நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திட்டுத் தருவேன்.”

பின்னேரமே பாரிசுக்குத் திரும்பினார்கள். நெடுஞ்சாலையிலிருந்து போர்த் த லா சப்பல் வெளிவழியில் இறங்கும்போது லக்சிகா மெல்ல, “பரவாயில்லை அப்பா, நண்பர் எண்டே சொல்லுங்கோ. அவையளைக் கூப்பிட்டு விசாரிக்கப் போயினமே?” என்றாள்.

“நான் சிரிச்சுப் போடுவன் பிள்ளை,” என்றார் தவரத்தினம்.

திங்கட்கிழமை அந்த மடாம் மூன்று சொற்களைக் கேட்டார், ஆறுகளைக் கேட்டார். லூயியைக் கேட்கவில்லை. பிறகு திரையைப் பார்த்தபடியே, “உங்கள் பிரெஞ்சு நண்பர்கள்?” என்றார்.

தவரத்தினம் தொண்டையைச் செருமினார்.

“இன்னும் இல்லை மடாம். லுவேன் கரையில் ஒருவரிடமும் அவர் மனைவியிடமும் விண்ணப்பித்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது.”

தட்டெழுதிய விரல்கள் நின்றன. “பரிசீலனையிலா?”

தவரத்தினம் எல்லாவற்றையும் சொன்னார். கச்சானைச் சொன்னார், வெறும் சட்டியைச் சொன்னார், பெட்டியையும் எங்கே தெறித்தது என்பதையும் சொன்னார். இடையில் மடாம் கதிரையைத் திருப்பி உட்கார்ந்து, திரைக்குப் பதிலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிவு எப்போது வரும்?”

“செப்டெம்பரில்.”

மடாம் அதைக் கோப்பில் பதிந்தார்.

“அப்படியென்றால்,” என்றார், “முடிவு சொல்வதில் அவர்கள் எங்களை முந்திவிடுவார்கள்.”