நைனா கைக்கு வைத்த சுக்கான்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே எஸ்தருக்கு வயிற்றெரிச்சல். வாரம் முழுக்க மயிலாப்பூரில் ஒரு பல் லேபில் குனிந்து உட்கார்ந்து, ஊராரின் கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி செய்கிறவள் அவள். காலையில் கிளம்புமுன் அப்பாவைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, கஞ்சி கொடுக்க வேண்டும். சாயங்காலம் திரும்பியதும் பக்கவாதத்தில் விழுந்துபோன அவருடைய வலது கையை மடக்கி நீட்டிப் பயிற்சி. துபாயில் இருக்கும் தம்பி போனில் 'நைனாவைப் பாத்துக்கோ' என்பதோடு சரி. ஞாயிறாவது கொஞ்சம் படுக்கலாம் என்றால், அன்றைக்குத்தான் மகாராஜாவுக்குப் படகுப் பந்தயம்! அதற்காகவே சர்ச் பூசையைக்கூட சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொண்டாயிற்று.

அவளுடைய அப்பா வேதநாயகம் சாந்தோம்காரர். கடலில் பாதி ஆயுசைக் கழித்தவர், வயசான காலத்தில் ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகில் மனசைப் பறிகொடுத்தார். பொம்மைப் படகு என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல பேச்சு கிடைக்கும். கை நீளமுள்ள படகு, ஆனால் கிண்டியில் பாலிடெக்னிக் ஒன்றின் பின்னால் இருக்கும் குளத்தில் விட்டால், மோட்டார் சைக்கிள் வேகத்தில் சீறும். படகை அவர் ஓட்டுவார், அதைத் திருப்பும் சுக்கானை எஸ்தர் வைப்பாள். பல்லுக்கு அளவெடுத்த கை, சுக்கான் தகட்டுக்கும் அளவெடுத்தது.

இந்தச் சுக்கான் விவகாரம் சும்மா இல்லை. பந்தயத்தில் எல்லாத் திருப்பமும் வலப்பக்கம்தான். அதனால் சுக்கானைப் படகின் நடுவில் வைக்காமல், படகைத் தள்ளும் விசிறி கிளப்பும் நுரையில் படாதபடி கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பொருத்துவார்கள். விசிறி சுழலுகிற சுழற்சியில் படகு தானாகவே இடப்பக்கம் ஒதுங்கும். சுக்கானை இழுக்கும் கம்பியைத் திருகி அந்த ஒதுக்கத்தைச் சரிசெய்து, படகை நேரே ஓட வைப்பதுதான் எல்லாரும் செய்வது.

எஸ்தர் அப்படிச் செய்யவில்லை. பக்கவாதம் வந்த பிறகு வேதநாயகத்தின் வலது கையை ரிமோட்டின் சக்கரத்தில் தூக்கி வைத்தால், அது தன் கனத்தில் முன்னால்தான் சரியும். அப்படிச் சரிந்தால் படகு வலப்பக்கம் திரும்பும். சக்கரத்தைப் பின்னால் இழுத்து இடப்பக்கம் திருப்ப அவரால் முடியாது. ஆகவே படகை இடப்பக்கம் லேசாக ஒதுங்கும்படியே விட்டுவைத்தாள் எஸ்தர். அது ஒதுங்க ஒதுங்க அவர் கையைச் சரிய விட்டால் போதும், நேரே போகும். இன்னும் சரிய விட்டால் திரும்பும். மற்றவர்கள் குறை என்று ஒழிக்கிற இழுப்பை வைத்துத்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் சுக்கானில் குப்பை சிக்கி, படகு வலப்பக்கம் பாய்ந்து கரையேறி, ஒருவர் காலை உரசிக்கொண்டு நின்றது. வேதநாயகத்தால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் ரெஹான்தான் படகுப் பந்தய கிளப்பின் செயலாளர். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணே, அடுத்த வாரம் தனியா ஓட்டிக் காட்டுங்க. மறுபடி கரையேறிச்சுன்னா, பார்க்கத்தான் வரணும். ஓட்டறது வேணாம்."

அன்று ராத்திரியே எஸ்தரின் மனசில் பேய் புகுந்துவிட்டது. படகு ஒரு தடவை கரையேறினால் போதும், ஞாயிறு தனக்கு! யாரையும் கேட்க வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். சனிக்கிழமை படகை லேபுக்கு எடுத்துப்போய், மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கம்பியைத் திருகினாள். சுக்கானின் முனை வலப்பக்கம் நகக்கண் அளவு ஒதுங்கி நின்றது. இனி படகு தானாகவே வலப்பக்கம் இழுக்கும், அவரால் மீட்க முடியாது. செய்துவிட்டு, சந்தியில் நின்று ஒரு டீ குடித்தாள்.

காலையில் ஆட்டோவில் வேதநாயகம் எப்போதும்போல் படகை மடியில் வைத்துக்கொண்டார். அடையாறு பாலம் தாண்டும்வரை அதையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பயந்திருக்கிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குளக்கரையில் நாற்காலியில் உட்கார்த்தினாள். இடது கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வலது கையை எடுத்துச் சக்கரத்தின்மேல் வைத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் "சுக்கான் சரியா இருக்குதாம்மா?" என்று தொணதொணப்பார். ஒரு தடவை சொன்னால் விடமாட்டார். இன்றைக்குக் கேட்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, ஒண்ணும் கேக்கல?"

"நீ வெச்சா சரியாத்தான் இருக்கும். வுடு தண்ணில."

எஸ்தர் படகைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். குனிந்தாள். கை விடவில்லை. சே, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்த திருகு சாவியை எடுத்துக் கம்பியைப் பழையபடி திருகினாள். மேலே ரெஹான், "அக்கா, பிரச்சனையா?" என்றான். "ஒண்ணுமில்ல, இருங்க பாய்" என்று எரிந்து விழுந்தாள்.

படகு ஓடியது. இடப்பக்கம் ஒதுங்கியது, அவர் கை சரிந்தது, நேரானது. திருப்பத்தைக் காட்டும் மிதவை வந்தது, கை இன்னும் சரிந்தது, நுரையைக் கிளப்பிக்கொண்டு வலப்பக்கம் திரும்பியது. சொன்ன சுற்றுகளை முடித்துவிட்டு வேகத்தைக் குறைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எஸ்தருக்கு மட்டும் அப்படியே தரையில் படுத்துவிடலாம் போல இருந்தது. தொலைந்தது, இனி எல்லா ஞாயிறும் இதுதான்.

படகைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேதநாயகம் குரலைத் தாழ்த்தி, "ஆட்டோலயே பாத்துட்டேன்" என்றார்.

"இன்னாத்த?"

"சுக்கான. வலப்பக்கமா நின்னுகினு இருந்துச்சு. உன் கை தவறாது. வேணும்னுதான் நீ அப்படி வெச்சிருக்கேன்னு தெரிஞ்சுது."

எஸ்தருக்கு முகம் சுண்டிப்போனது. மறைக்கத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. "தெரிஞ்சும் இன்னாத்துக்கு ஓட்ட வந்தே? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா இன்னா?"

"கேட்டா நீ சரி பண்ணிடுவே. அப்பறம் எப்பதான் நீ தூங்கறது?"

அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். "என்னால முடில நைனா. சத்தியமா முடில."

"தெரியும்மா. நான்தான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

ரெஹான் சிரித்துக்கொண்டே வந்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "அண்ணே சூப்பரா ஓட்டிட்டாரேக்கா. அடுத்த வாரம் வந்துடுவீங்கல்ல?"

வேதநாயகம் வாயைத் திறக்குமுன் எஸ்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அவரு வருவாரு. நான் வரல. நீங்க வூட்டுக்கு வந்து கூட்டிகினு போயி, கூட்டிகினு வந்து வுடுங்க பாய். நான் தூங்கணும்."

"அட, இவ்ளோதானா! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

சொல்லியிருக்கலாம்தான். இத்தனை நாள் அது ஏன் வாயில் வரவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

"கைய சக்கரத்துல நீங்கதான் எடுத்து வெக்கணும்" என்றாள். "ஆனா சுக்கான மட்டும் எவனும் தொடக் கூடாது. சனிக்கிழமையே நான் பாத்து வெச்சிடுவேன்."